டிராக்டருக்கு ஏற்ற காற்று வடிகட்டி எது? எண்ணெய்த் தொட்டியா, காகிதமா?

டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்புசெட், சுமை வண்டி ஆகியவற்றை வைத்திருக்கும் உழவர்கள் டீசலையும் எஞ்சின் எண்ணெயையும் கவனிக்கும் அளவுக்குக் காற்றைக் கவனிப்பதில்லை. காற்று விலையின்றிக் கிடைப்பதே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் எஞ்சினைக் காலத்திற்கு முன்பே தேய்த்துப் பட்டறைக்கு அனுப்புவது பெரும்பாலும் அந்தக் காற்றோடு உள்ளே செல்லும் தூசுதான். அதைத் தடுக்கும் காற்று வடிகட்டியை ‘ஏர் கிளீனர்’ அல்லது ‘ஏர் பில்டர்’ என்கிறோம். இதில் எண்ணெய்த் தொட்டி வகை, காகித வகை, எண்ணெய் பூசிய துணி வகை என மூன்று உண்டு. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பராமரிப்பது என்பதை இங்கே காண்போம்.

எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது?

மூன்று சிலிண்டரும் சேர்ந்து 2.5 லிட்டர் கொள்ளளவு உள்ள ஒரு டிராக்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 1,800 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்று இழுக்கப்படுகிறது. எனவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,900 லிட்டர் காற்று உள்ளே செல்லும். எட்டு மணி நேர உழவில் இது சுமார் 900 கனமீட்டர் ஆகும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள 32 அறைகளை நிரப்பும் காற்று இது.

புழுதி உழவின்போது ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 கிராம் தூசு மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரே நாளில் 90 கிராம் தூசு வடிகட்டியை வந்தடைகிறது. அதில் நூற்றுக்கு 97 பங்கைத் தடுக்கும் வடிகட்டி 2.7 கிராமை உள்ளே விடும். ஆயிரத்துக்கு 999 பங்கைத் தடுக்கும் வடிகட்டி 0.09 கிராமை மட்டுமே விடும். அறுபது நாள் வேலைக்கு இதைக் கணக்கிட்டால் முதலாவதில் 162 கிராம், இரண்டாவதில் 5.4 கிராம். 97க்கும் 99.9க்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், எஞ்சினுக்குள் செல்லும் தூசு முப்பது மடங்கு மாறுபடுவதைக் காண்க.

தூசு செய்யும் கேடு

மண் தூசில் உள்ள நுண்மணல் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டர் லைனருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையே சிக்கி, உப்புத்தாளைப் போல இரண்டையும் தேய்க்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசே மிகுந்த கேடு தருவது. ரிங் தேய்ந்தால் அழுத்தம் குறையும். காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாது. எஞ்சின் எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும். இழுவை குறைந்து டீசல் செலவு கூடும். இறுதியில் லைனர், பிஸ்டன், ரிங் அனைத்தையும் மாற்ற நேரிடும். இச்செலவோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் விலை மிகக் குறைவே.

எண்ணெய்த் தொட்டி வகை

உள்ளே வரும் காற்று நடுக்குழாய் வழியாகக் கீழிறங்கி, தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பில் மோதி, சட்டென மேல்நோக்கித் திரும்புகிறது. கனமான தூசு திரும்ப இயலாமல் எண்ணெயில் விழுந்துவிடும். காற்றோடு தெறிக்கும் எண்ணெய் மேலேயுள்ள கம்பி வலையை நனைப்பதால், எஞ்சிய தூசு அதில் ஒட்டிக்கொள்ளும்.

இதன் சிறப்பு, உதிரிப்பாகம் வாங்கத் தேவையில்லை என்பது. எண்ணெயை மாற்றி வலையைக் கழுவினால் பல ஆண்டு உழைக்கும். குறைகளும் உண்டு. நுண்தூசைக் காகிதம் அளவுக்கு இது தடுப்பதில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து வலை சரியாக நனையாததால் தூசு தப்பிச் செல்லும். சரிவான நிலத்தில் எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதாலும் திறன் குறையும்.

காகித வகை

மடிப்பு மடிப்பாக அமைந்த வடிகட்டும் தாள் இதன் முதன்மை உறுப்பு. பல டிராக்டர்களில் காற்று முதலில் சுழன்று வரும்படி அமைத்திருப்பார்கள். கனமான தூசு அங்கேயே பிரிந்து, அடியிலுள்ள ரப்பர் மூக்கு வழியே வெளியேறும். மீதியை வெளித்தாள் தடுக்கும். அதற்குள் பாதுகாப்புக்கென ஒரு சிறிய உள்வடிகட்டியும் இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடினாலும், வண்டி சரிவில் நின்றாலும் இதன் திறன் குறைவதில்லை. நுண்தூசைத் தடுப்பதில் இதுவே முதலிடம் பெறுகிறது.

தாளை அவ்வப்போது மாற்றும் செலவும், நனைந்தால் கெட்டுவிடுவதும் இதன் குறைகள். தூசு சேரச் சேரக் காற்றோட்டம் தடைப்பட்டு, எஞ்சின் திணறிக் கரும்புகை விடும்.

எண்ணெய் பூசிய துணி வகை

சுமை வண்டிகளுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் எனக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் பருத்தித்துணி வடிகட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. ஒருமுறை வாங்கினால் போதும், காற்று தடையின்றிச் செல்லும் என்பது இவற்றின் கவர்ச்சி. காற்று எளிதாகச் செல்வது துணியின் கண்கள் பெரியவை என்பதாலும்தான் என்பதை மறத்தலாகாது. பொதுவாக இவை நல்ல காகித வடிகட்டி அளவுக்கு நுண்தூசைத் தடுப்பதில்லை.

கழுவி, நன்றாக உலர்த்தி, அளவாக எண்ணெய் பூசினால்தான் இவை வேலை செய்யும். எண்ணெய் குறைந்தால் தூசு நுழையும். கூடினால் எண்ணெய் காற்றோடு சென்று, புதிய வகை எஞ்சின்களில் உள்ள காற்றளவு உணரியில் படிந்து அதைக் கெடுக்கக்கூடும். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இவை பொருந்தலாம். மண் சாலையிலும் வயல்வெளியிலும் செல்லும் வண்டிக்கு ஏற்றவை அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. கொட்டகைக்குள் சமமான தளத்தில் நிற்கும் டீசல் பம்புசெட்டுக்கு எண்ணெய்த் தொட்டி வகையே போதும். ஒரே வேகத்தில் ஓடுவதால் அது நன்கு வேலை செய்யும்.

2. சேற்று உழவுக்கே மிகுதியாகப் பயன்படும் பவர் டில்லருக்கும் டிராக்டருக்கும் இரு வகையும் ஏற்றவை. சேற்று உழவில் தூசு குறைவு.

3. மானாவாரிப் புழுதி உழவு, ரோட்டவேட்டர் வேலை, கதிரடிப்பு, மண் ஏற்றிச் செல்லுதல் ஆகியவற்றுக்குப் புதிய டிராக்டர் வாங்குவோர், இரட்டைத் தாள் உள்ள காகித வகையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

4. டர்போ பொருத்திய எஞ்சினுக்குக் காகித வகையே தக்கது. மிக வேகமாகச் சுழலும் அதன் இறக்கைகளைத் தூசு அரித்துவிடும்.

5. ஏற்கெனவே எண்ணெய்த் தொட்டியுள்ள பழைய டிராக்டரை வேறு வகைக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். பொருந்தாத வடிகட்டியைக் கம்பி கட்டிப் பொருத்துவதைக் காட்டிலும், இருப்பதை ஒழுங்காகப் பராமரிப்பதே மேல்.

பராமரிப்பு முறைகள்

எண்ணெய்த் தொட்டி வகையில், எஞ்சினை நிறுத்திச் சமதளத்தில் வைத்து நாள்தோறும் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கெட்டியானாலோ, அடியில் சேறு படிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். புழுதிக் காலத்தில் இது தினமும் தேவைப்படலாம். எஞ்சினிலிருந்து வடித்த கருத்த எண்ணெயை ஊற்றாமல், தூய எஞ்சின் எண்ணெயைக் குறியிட்ட அளவுவரை மட்டுமே ஊற்றுக. அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்து, டீசலை நிறுத்திய பின்னும் நிற்காமல் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும் அபாயம் உண்டு. கம்பி வலையை டீசலில் அலசி, நன்கு வடியவிட்டுப் பொருத்துக. பெட்ரோல் கூடாது. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது.

காகித வகையில், ரப்பர் மூக்கை நாள்தோறும் அழுத்தித் தூசை வெளியேற்றுக. வெளித்தாளை அடிக்கடி கழற்றித் தட்டுவது தவறு. ஓரளவு தூசு படிந்த தாள் புதிய தாளைவிட நன்றாக வடிகட்டும். எச்சரிக்கைக் காட்டி சிவப்பானதும், அல்லது கையேட்டில் கூறிய மணி நேரம் முடிந்ததும் எடுத்தால் போதும். சக்கரத்திலோ தரையிலோ ஓங்கித் தட்டினால் விளிம்பு வளைந்து இடைவெளி விழும். கம்ப்ரசர் காற்றைக் கையேட்டில் கூறிய அழுத்தத்திற்கு மிகாமல், உள்ளிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். பிறகு இருட்டறையில் தாளுக்குள் விளக்கை வைத்துப் பார்க்கவும். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அத்தாளை ஒதுக்கிவிடுக. உள்வடிகட்டியைச் சுத்தம் செய்து பயன்படுத்துவதில்லை, மாற்றத்தான் வேண்டும். காகிதத்தில் எண்ணெய் பூசுவதும், கையேட்டில் கூறாதபோது நீரில் கழுவுவதும் கூடாது.

குழாயையும் பாருங்கள்

எவ்வளவு சிறந்த வடிகட்டியாயினும், அதற்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் பயனில்லை. அவ்வழியே நுழையும் தூசை யாரும் தடுப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் கசிவு இருக்கிறது என்பது உறுதி. விரிசல் விட்ட குழாயை மாற்றி, தளர்ந்த கிளிப்பை முறுக்கி, நைந்த ரப்பர் வளையத்தைப் புதுப்பித்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

வண்டியுடன் தந்த கையேட்டை எடுத்து, உங்கள் எஞ்சினுக்குரிய வடிகட்டியின் வகை, எண்ணெயின் தரம், மாற்ற வேண்டிய மணி நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வண்டி ஓட்டுபவர் யாராயினும் அது பயன்படும். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரைக் கலந்து ஆலோசித்துப் பயன் பெறுவீர்களாக.