நெல்லிக்கனி குரோமிய விஷத்தை முறிக்குமா?



தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-ஆம் ஆண்டு முதல் எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே வேலை செய்வோரும் பாலாற்றங்கரைத் தாய்மார்களும் எங்களிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "ஜவ்வாது மலை நெல்லிக்காய் சாப்பிட்டால் குரோமிய விஷம் இறங்கிவிடுமா?" இம்முறை நம் சுகாதாரப் பாடம் அதைப் பற்றியதே.

முன்னாளில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. அது தோலிலுள்ள புரதத்தை இறுகப் பிணைப்பதால் தோல் அழுகுவதில்லை. செருப்புக்கு இது நல்லது. ஆனால் உயிருள்ள உடலுக்குக் குரோமியம் வேறொரு முகத்தைக் காட்டும்.

குரோமியத்தில் இரண்டு வகைகளை நாம் அறிய வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைக் குரோமியம். இது உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது. கொடியது அறுவிணைக் குரோமியம். இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஓர் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் இருப்பது இதுவே. இது சல்பேட் உப்பைப் போன்ற உருவம் உடையது. ஆகவே, சல்பேட்டுக்கான வாசல் வழியாகவே உயிரணுவுக்குள் புகுந்துவிடுகிறது.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது? நம் புரதங்கள் பலவற்றில் கந்தகம் கலந்த நுனிகள் உண்டு. அறுவிணைக் குரோமியமும், அது கிளப்பிவிடும் தீவிர ஆக்சிஜனும் அந்த நுனிகளைக் கெடுக்கின்றன. நுனி கெட்டால் புரதம் தன் வேலையைச் செய்யாது. இதைத் தடுக்க உடலில் குளுட்டாதயோன் என்ற சிறு காவலன் இருக்கிறான். புரதத்தின் மேல் விழும் அடியைத் தன் கந்தக நுனியில் அவன் ஏற்றுக்கொள்கிறான். வைட்டமின் சி அவனுக்குத் துணை. விலங்குகளில் செய்த சோதனைகளில் வைட்டமின் சி பாதிப்பைக் குறைத்தது உண்மை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உமிழ்நீரிலும் இரைப்பையிலும் அறுவிணை மூவிணையாக மாறினால் நன்மை. அதே மாற்றம் உயிரணுவுக்குள் நடந்தால், இடையில் தோன்றும் பொருள்கள் மரபணுவையே தாக்கக்கூடும். உயிரணுவுக்குள் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் செய்வது வைட்டமின் சிதான்! மூச்சில் போகும் தூசியோ இரைப்பையைத் தொடாமல் நேரே நுரையீரலுக்குச் சென்று புற்றுநோய்க்கும் வழிசெய்கிறது. ஆகவே நெல்லிக்காய் நல்ல உணவு. மாற்று மருந்து அன்று.

நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்:

1. நெல்லி, கொய்யா, கீரை, பருப்பு, முட்டை தினமும் முடிந்தவரை சேருங்கள். குளுட்டாதயோனை உடல் புரத உணவிலிருந்தே செய்துகொள்கிறது.
2. வேலையில் கையுறை, ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். கை கழுவாமல் உண்ணாதீர்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.
3. மாசுபட்ட கிணற்று நீரைக் கொதிக்க வைப்பதால் உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.
4. ஆறாத கைப்புண், மூக்கில் இரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் வலியுறுத்தியது. நிலமும் நீரும் சுத்தமாவதே முழுமையான மருந்து.