கேப் காட் கரையில் பனிப்பாறைகளா?

கேள்வி: அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் 2015-இல் ஆள் உயரப் பனிக்கட்டிகள் ஒதுங்கினவாமே! வடதுருவத்திலிருந்து மிதந்து வந்தவையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை, அங்கேயே உருவானவை. அந்த பிப்ரவரியில் கேப் காட் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் விடாமல் வாட்டியது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறையும். கேப் காட் விரிகுடாவோ ஆழம் குறைந்தது, நிலம் சூழ்ந்தது. அதனால் சீக்கிரம் குளிர்ந்து உறைந்தது. ஓதமும் காற்றும் அந்தப் பனிப்பரப்பை உடைத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றின. மார்ச்சில் அவை கேப் காட்டிலுள்ள வெல்ஃப்ளீட் ஊரின் கரையில் குவிந்தன. உண்மையான பனிப்பாறைகள், நிலத்துப் பனியாறுகளிலிருந்து உடைந்து கடலில் விழும் நன்னீர்க் கட்டிகள். கேப் காட்டில் ஒதுங்கியவையோ கடல்நீர் உறைந்து உருவானவை. அழகாக இருக்கிறதே என்று மேலே ஏறிவிடக் கூடாது. எந்த நேரமும் பிளக்கும், புரளும்.