ஒளியை எண்ணச் சொல்லும் பழைய கேமரா

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலோ தாத்தாவின் பெட்டியிலோ படச்சுருள் போடும் பழைய கேமரா கிடைத்தால், கை முதலில் அதன் பின்மூடியைத்தான் தேடும். திறந்துவிடாதீர்கள். உள்ளே சுருள் இருக்கலாம். யாரும் இதுவரை பார்க்காத குடும்பப் படங்கள் அதில் இருக்கலாம். மூடி திறந்து வெளிச்சம் ஒரு கணம் பட்டால் போதும், அவற்றில் பல அழிந்துவிடும்.

சுருள் இருக்கிறதா என்று திறக்காமலே அறியலாம். கேமராவின் மேல்புறம் இடப்பக்கத்தில் மடக்குப் பிடி உள்ள ஒரு குமிழ் இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். தங்குதடையின்றிச் சுழன்றால் வெளியே இழுபட்ட சுருள் இல்லை. எதிர்த்து இழுப்பதுபோல் தெரிந்தால் சுருள் இருக்கிறது. அடிப்பாகத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, அதே குமிழைச் சுழற்றிச் சுருளை அதன் கூட்டுக்குள் முழுவதும் சேர்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? படச்சுருளின் மேல் மெல்லிய ஜெலட்டின் படலம் இருக்கிறது. அதில் வெள்ளி ஹேலைடு என்ற உப்பின் நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு புள்ளியாகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. படம் கழுவும்போதுதான் முதல் கரைசல் அந்தப் புள்ளி உள்ள படிகங்களை மட்டும் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. வேதியியல் பாடத்தில் வரும் ஆக்சிஜன் இறக்கம் இதுதான். அடுத்த கரைசல் மீதி உப்பைக் கரைத்துவிடுகிறது. வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் தெளிவாகவும் நிற்பதால் அதை நெகட்டிவ் என்கிறோம்.

பழகுவதற்கு எந்தக் கேமரா நல்லது என்று கேட்டால், நான் பென்டாக்ஸ் கே1000 என்பேன். 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட ஜப்பானிய வடிவமைப்பு அது. புகைப்பட வகுப்புகளில் பல தலைமுறை மாணவர்கள் அதில்தான் பழகினார்கள். அதன் ஷட்டர் முழுக்க முழுக்கச் சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் இயங்குகிறது. மின்கலன் இல்லாவிட்டாலும் படம் எடுக்கும். தானாக எதையும் முடிவு செய்யாது என்பதுதான் அதன் பெரிய நன்மை.

புதிய சுருளைப் போடுவதில்தான் பலருக்கும் சறுக்கும். நிழலில் நின்று, சுருளின் கூட்டை இடப்பக்கக் குழியில் வையுங்கள். நுனியை இழுத்து வலப்பக்க உருளையின் பிளவில் செருகுங்கள். ஓரத் துளைகள் மேலும் கீழும் பற்களில் சரியாக உட்கார்ந்தனவா என்று பார்த்த பிறகே மூடுங்கள். அப்போது தெரியும் துணித் திரையை விரலால் தொடவே கூடாது. மூடிய பின், மடக்குப் பிடியை மெதுவாகத் திருப்பித் தளர்வை நீக்குங்கள். இனி வலப்பக்க நெம்புகோலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இடப்பக்கக் குமிழ் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் சுருள் உருளையில் பிடிக்கவில்லை. ஆனால் எண்காட்டி மட்டும் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். 36 படம் எடுத்த திருப்தியோடு கடைக்குப் போனால் வெற்றுச் சுருள்தான் கிடைக்கும்.

அடுத்து, இரண்டு எண்வரிசைகள். ஷட்டர் குமிழில் 1, 2, 4, 8, 15, 30, 60, 125, 250, 500, 1000 என்று இருக்கும். 125 என்றால் ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு. ஒவ்வொரு படி ஏறும்போதும் நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. லென்ஸின் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று வேறொரு வரிசை. இவை எஃப் எண்கள். லென்ஸின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் விட்டம் 25 மி.மீ.; எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பளவு கால் பங்கு. ஆகவே ஒளியைப் பாதியாக்க விட்டத்தை 1.4ஆல், அதாவது 2இன் வர்க்கமூலத்தால், வகுக்க வேண்டும். அந்த விசித்திரமான எண்களின் இரகசியம் அவ்வளவுதான்.

இதனால் ஒரு வசதி. வெயில் நன்றாக அடிக்கும் நாளில், ஐஎஸ்ஓ 100 சுருளுக்கு எஃப் 16, 1/125 விநாடி சரியாக இருக்கும். துவாரத்தை ஒரு படி திறந்து நேரத்தை ஒரு படி குறைத்தால் ஒளியின் மொத்த அளவு மாறாது: எஃப் 11, 1/250, எஃப் 8, 1/500, எஃப் 5.6, 1/1000. உங்கள் முதல் சுருளில் இந்த நான்கையும் ஒரே காட்சிக்கு எடுத்துப் பாருங்கள். சைக்கிள் ஓட்டும் தம்பியை எடுத்தால் இன்னும் நல்லது. நான்கின் வெளிச்சமும் ஒன்றே. ஆனால் முதல் படத்தில் சக்கரம் கலங்கலாகவும் பின்னால் உள்ள வேலி தெளிவாகவும் இருக்கும். கடைசிப் படத்தில் சக்கரம் தெளிந்து, வேலி மங்கும்.

பத்துமலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கணக்குப் பார்க்கலாம். கீழே வெயிலில் எஃப் 16, 1/125. 272 படி ஏறிக் குகைக்குள் நுழைந்ததும் எஃப் 2, 1/60 என்று மாற்றுகிறீர்கள். துவாரத்தில் 6 படி, நேரத்தில் 1 படி. இரண்டை 7 முறை பெருக்கினால் 128. அதாவது 128 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறீர்கள். அதுவும் போதாமல் போகலாம். நம் கண்மணி தானே விரிந்துகொள்வதாலும் கைப்பேசி தானே சரிசெய்துகொள்வதாலும் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை.

சரி, அளவை எப்படி அறிவது? கே1000இன் காட்சித் துளை வழியே பார்த்தால் வலப்பக்கம் ஒரு முள் தெரியும். அது நடுவில் நிற்கும்வரை இரண்டு வளையங்களில் ஒன்றைத் திருப்ப வேண்டும். முள்ளை இயக்குவது ஒளி கூடும்போது மின்தடை குறையும் ஒரு சிறு பாகம். அதற்கு மட்டும்தான் மின்கலன் தேவை. முதலில் சுருளின் ஐஎஸ்ஓ எண்ணை ஷட்டர் குமிழில் பொருத்த மறந்தால் முள் தவறாகவே காட்டும். சரியாகப் பொருத்தினாலும் அதை அப்படியே நம்பாதீர்கள். அது சட்டத்தில் உள்ள எல்லா வெளிச்சத்தையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறது. நண்பர் பளிச்சென்ற வானத்தின் முன் நின்றால், வானத்துக்கு ஏற்றபடி ஒளியைக் குறைக்கச் சொல்லும். நண்பரின் முகம் கருத்துப்போகும். அதே வெயிலில் உள்ள புல்தரையைக் காட்டி அளவெடுத்து, அந்த எண்களை வைத்துக்கொண்டு நண்பரைப் படமெடுங்கள்.

பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் காட்சித் துளை இருண்டுவிடும். உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து ஒளிக்கு வழிவிடுவதால் அப்படி. நீங்கள் எடுத்த கணத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படமோ சில நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் எந்தப் படத்துக்கு எந்த எண் வைத்தோம் என்பது மறந்துபோகும். ஆகவே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதுபோல் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: படத்தின் எண், எஃப் எண், நேரம், வெயிலா நிழலா. இது இல்லாமல் பத்துச் சுருள் எடுப்பதைவிட, இதோடு ஒரே சுருள் எடுப்பவர் அதிகம் கற்பார் என்பது என் கருத்து.

நம் நாட்டு ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும். கேமராவைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சுருளை விட்டுவிட்டு வராதீர்கள்.

36ஆம் படம் முடிந்ததும் நெம்புகோல் இறுகும். பலம் போட்டு இழுத்தால் சுருள் கிழியும். அடிப்பொத்தானை அழுத்தி, மடக்குப் பிடியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இறுக்கம் திடீரென்று விட்டுப்போகும். சுருளின் நுனி உருளையிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். இன்னும் சில சுற்று சுற்றிவிட்டு மூடியைத் திறந்து, கூட்டின் மேல் தேதியை எழுதிக் கழுவும் கடையில் கொடுங்கள். நெகட்டிவையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.