மன்னிப்புக்கு எழுவாய் வேண்டும்

ரயில்வேயில் பொறியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த துறையை வைத்தே ஒரு வரலாற்றுப் பாடத்தை நம் சங்கக் குடும்பத்தினருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் பிள்ளைகள் ஹிட்லரின் பெயரைச் சொல்வார்கள். யூதர்கள் மீது ஒரு மனிதன் கொண்ட வெறுப்பு மட்டுமே இத்தனை உயிர்களைக் கொன்றிருக்க முடியாது. அதற்கு அலுவலகங்களும் ரயில்களும் தேவைப்பட்டன.

நெதர்லாந்தை 1940 மே மாதத்தில் ஜெர்மனி கைப்பற்றியது. 1942 ஜூலை முதல் 1944 செப்டம்பர் வரை அங்கிருந்து ஒரு லட்சத்திற்கும் அதிகமான யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். பெரும்பாலோர் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ், சோபிபோர் கொலை முகாம்களுக்கு ரயிலில் அனுப்பப்பட்டனர். உயிருடன் திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர்தான்.

இந்த ரயில்களை டச்சு ரயில்வே ஓட்டியது. அதற்குக் கட்டணமும் பெற்றது. ஒரு ஸ்பெஷல் ரயில் விடுவதென்றால் நேர அட்டவணை போட வேண்டும்; எஞ்சினும் பெட்டிகளும் ஒதுக்க வேண்டும்; டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரும் வேண்டும்; முடிவில் பில் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தம் பங்கு சிறியது என்று எண்ணிக்கொள்ள இதில் இடம் உண்டு.

“அந்நியர் பிடியில் இருந்தவர்களுக்கு வேறு வழி ஏது?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். லண்டனிலிருந்த டச்சு அரசின் அழைப்பை ஏற்று, 1944 செப்டம்பர் 17 அன்று ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஜெர்மானியர் பழிவாங்க உணவுப் போக்குவரத்தைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் மாண்டனர். மறுப்பதற்கு விலை உண்டு. ஆனாலும் மறுக்க முடிந்தது. ஆஷ்விட்ஸுக்கான கடைசி ரயிலோ, செப்டம்பர் 3 அன்றே புறப்பட்டுப் போயிருந்தது.

2005-ல் டச்சு ரயில்வே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பலருக்கு அது போதுமானதாக இருந்தது. சாலோ முல்லருக்குப் போதவில்லை. அயாக்ஸ் கால்பந்துக் குழுவின் இயன்முறை மருத்துவராக இருந்த அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள். அவர் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பயனாக, தப்பிப் பிழைத்தவர்களுக்குத் தலா 15,000 யூரோ வழங்குவதாக 2019-ல் ரயில்வே அறிவித்தது. இறந்தவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தொகை கிடைத்தது. 2020 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டே அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நம் இலக்கணம் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று கற்பிக்கிறது. மன்னிப்புக்கும் இம்மூன்றும் வேண்டும். “வருந்தத்தக்க நிகழ்வுகள் நடந்துவிட்டன” என்ற வாக்கியத்தில் செய்தவரும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. “நாங்கள் உங்கள் பெற்றோரைக் கொண்டுபோய் விட்டோம், அதற்குப் பணம் வாங்கினோம்” என்றால்தான் வாக்கியம் முழுமை பெறும். அதன் பிறகு செயலும் தொடர வேண்டும்.

பணம் எந்த உயிரையும் மீட்காது என்பது உண்மை. குடும்பம் முழுவதும் அழிந்த இடத்தில் அதைப் பெற்றுக்கொள்ளவும் ஆள் இல்லை. அவர்களுக்காக நாம் செய்யக்கூடியது, நடந்ததை உள்ளபடி நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதே.