தட்டைத் தலையும் தலைக்கவசமும்

புடலம் பந்தலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிஞ்சின் நுனியில் ஒரு சிறு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கல் கட்டாத காய் பாம்பு போல் சுருண்டு போகும். கல் கட்டிய காய் நேராக இறங்கும். கல் காயை வளர்ப்பதில்லை. காய் தானாகத்தான் வளர்கிறது. வளரும் திசையை மட்டுமே கல் காட்டுகிறது. அதனால்தான் காய் முற்றிய பிறகு கல்லைக் கட்டுவோர் எவரும் இல்லை.

அதே தோட்டத்தில் தரையில் கிடந்து பருத்த பூசணிக்காய் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மண்ணைத் தொட்டுக் கிடந்த பக்கம் தட்டையாக இருக்கும்.

கைக்குழந்தைகள் சிலருடைய பின்தலை இந்தப் பூசணியைப் போலத் தட்டையாகி விடுகிறது. அதைத் திருத்துவதற்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழந்தையின் தலையில் பிளாஸ்டிக் கவசம் ஒன்றை மாதக்கணக்கில் மாட்டி வைக்கிறார்கள். அந்தக் கவசம் புடலங்காயின் கல்லைப் போல் உண்மையிலேயே வேலை செய்கிறதா? எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்த மருத்துவர்கள் எளிதில் கரையேறவில்லை.

ஒரே ஓடு அல்ல

மண்டையோடு என்று ஒருமையில் சொல்கிறோம். பிறந்த குழந்தைக்கு அது ஒரே ஓடு அல்ல. நெற்றியில் இரண்டு எலும்புத் தகடுகள், அவற்றுக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு சுவர் எலும்புகள், பின்புறம் பிடரி எலும்பு என்று தனித்தனித் தகடுகள் நாரிழையால் இணைந்து நிற்கின்றன. இந்த இணைப்புகளுக்குத் தையல்கள் என்று பெயர். துணி தைத்தது போல் நெளிந்து செல்வதால் வந்த பெயர். தையல்கள் கூடும் இடத்தில் எலும்பே இல்லாத மெத்தென்ற பகுதியை உச்சிக்குழி என்கிறோம். மெல்லத் தொட்டால் அங்கே துடிப்பது தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும்.

இப்படித் தனித்தனியாக இருப்பதால்தான் பிறக்கும்போது தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறிக்கொண்டு, குறுகிய வழியே தலை வெளிவர முடிகிறது. பிறந்த பின் மூளை மளமளவென்று பெருப்பதற்கும் இதுவே இடம் தருகிறது. எவ்வளவு பெருக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிறக்கும்போது தலையின் சுற்றளவு சுமார் 34 செ.மீ.; ஆறாம் மாதத்தில் 43; முதல் பிறந்த நாளில் 46; இரண்டாம் பிறந்த நாளில் 48. தலையை ஒரு பந்தாகக் கொண்டால் கன அளவு சுற்றளவின் முப்படிக்கு ஏற்ப மாறும். 43ஐ 34ஆல் வகுத்து முப்படி எடுத்தால் 2 வரும். அதாவது ஆறே மாதத்தில் தலையின் கன அளவு ஏறத்தாழ இருமடங்கு!

மண்டையோடு தானாக விரிந்து மூளைக்கு இடம் விடுவதில்லை. உள்ளிருந்து மூளை தள்ளுகிறது. தையல்களின் ஓரங்களில் புதிய எலும்பு படிகிறது. வெளியே தடை இல்லாத பக்கமெல்லாம் ஓடு விரியும். தடை உள்ள பக்கம் விரியாது. தலை தட்டையாவதன் இரகசியம் இவ்வளவுதான்.

உயிர் காத்த அறிவுரை

அந்தத் தடை எங்கிருந்து வருகிறது? படுக்கையிலிருந்து.

நல்ல உடல்நிலையில் இருந்த குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துவிடுவதைத் தொட்டில் மரணம் என்பார்கள். குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி என்று 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின. இரு நாடுகளிலும் 1991ல் பெற்றோருக்கு அறிவுரை பரப்பப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992ல் அதையே சொன்னது. 1994ல் அங்கு நாடு தழுவிய இயக்கமும் தொடங்கியது. குழந்தையை மல்லாத்தித் தூங்க வையுங்கள் என்பதே அறிவுரை. பத்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் தொட்டில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. படுக்கும் விதத்தை மாற்றியதற்கே இத்தனை பயன்.

ஆனால் அதே ஆண்டுகளில் பின்தலை தட்டையான குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு அதிகமாக வரத் தொடங்கினார்கள். கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைப் பார்த்து 2013ல் வெளியிட்ட கணக்கில், 46.6 விழுக்காட்டினருக்குத் தலையில் ஏதோ ஒரு தட்டை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இலேசானவையே. இதைப் படித்துவிட்டு, தலை உருண்டையாக இருக்கட்டும் என்று எவரும் குழந்தையைக் குப்புறத் தூங்க வைத்துவிடக் கூடாது. ஒன்று தோற்றத்தைப் பற்றியது. மற்றொன்று உயிரைப் பற்றியது.

தீப்பெட்டிக் கணிதம்

சில குழந்தைகளுக்குப் பின்தலை முழுதும் தட்டையாகித் தலை அகன்றுவிடும். வேறு சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் தட்டையாகும். கழுத்துத் தசை ஒரு பக்கம் குறுகி இருந்தால் குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கும். ஒருமுறை தட்டை விழுந்துவிட்டால் பிறகு தலை தானாகவே அந்தப் பக்கம் உருண்டு நிற்கும், பூசணியைப் போல.

காலித் தீப்பெட்டியின் மேலுறையை எடுத்து, அதன் திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி மேசைமீது வையுங்கள். வாய் ஒரு செவ்வகம். கீழ் விளிம்பைப் பின்தலை என்றும், மேல் விளிம்பை நெற்றி என்றும் கொள்ளுங்கள். இப்போது மேல் விளிம்பை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகம் இணைகரமாகச் சாய்கிறது அல்லவா? மேலிருந்து பார்த்தால் ஒருபக்கம் தட்டையான தலையும் இப்படித்தான் தெரியும். தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும். அதே பக்கத்து நெற்றியும் புடைத்திருக்கும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம், இணைகரத்தில் அவை சமமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர்கள் அளப்பதும் இதையே. கவராயம் போன்ற ஒரு கருவியால் தலையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்கிறார்கள். வகுப்பறை வடிவியல் மருத்துவமனைக்குப் போகும் இடங்களில் இது ஒன்று.

கவசம் செய்யும் வேலை

இலேசான தட்டைக்கு எளிய வழிகளே போதும். தூங்கும்போது குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, தலையை நாளுக்கு ஒரு பக்கமாகத் திருப்பிவிடலாம். விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்துகொண்டு, சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். கழுத்துத் தசை இறுகியிருந்தால் அதற்குப் பயிற்சிகள் உண்டு. நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது பாட்டிமார் தலையைப் பிடித்து உருட்டிவிடுவார்களே, அது வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வெளியிலிருந்து அழுத்தித் தலையை உருண்டையாக்க இயலாது.

கவசமும் அழுத்துவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இதைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 1979ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டெர்லிங் கிளாரன் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சிகிச்சையை விவரித்து எழுதினார்கள். குழந்தையின் தலைக்கு முதலில் அச்சு எடுக்கிறார்கள். அன்று பாரிஸ் சாந்தில் எடுத்ததை இன்று ஒளிப்படக் கருவிகளே எடுத்துவிடுகின்றன. அந்த அச்சுக்கு ஏற்ப உள்ளே மெத்தென்ற நுரையும் வெளியே கெட்டியான பிளாஸ்டிக்கும் வைத்துக் கவசம் செய்கிறார்கள். தலை புடைத்திருக்கும் இடத்தைக் கவசம் தொட்டுக்கொண்டு நிற்கும். தட்டையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும். மூளை வளர்ந்து தள்ளும்போது, தொட்ட இடத்தில் ஓடு விரிய முடியாது. வெற்றிடத்தை நோக்கி விரியும். வேலை முழுவதும் மூளையுடையது. கவசம் வழிகாட்டுகிறது, அவ்வளவே.

ஒரு நாளில் 23 மணி நேரம் அதை அணிந்திருக்க வேண்டும். குளிப்பதற்கும் துடைப்பதற்கும் ஒரு மணி. இப்படிச் சில மாதங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது என்பதன் காரணம், மேலே கண்ட சுற்றளவுக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் 9 செ.மீ. வளர்ந்த தலை, இரண்டாம் ஆண்டு முழுவதிலும் 2 செ.மீ.தான் வளர்கிறது. வளர்ச்சி நின்ற பின் வழிகாட்டி எதற்கு?

அணியாதவர்கள் என்ன ஆனார்கள்?

கவசம் அணிந்த குழந்தைகளின் தலை மெல்ல உருண்டையானது. பெற்றோர் மகிழ்ந்தார்கள். 1998ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இக்கவசங்களுக்கு விதிகள் வகுத்தது. தயாரிக்கும் நிறுவனங்களும் பெருகின.

இந்த இடத்தில் ஒரு நல்ல மாணவன் கைதூக்க வேண்டும். அணியாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்தாறு மாதமானதும் குழந்தை புரளுகிறது, உட்காருகிறது. படுக்கையில் தலை கிடக்கும் நேரம் குறைகிறது. தடை நீங்கினால் தலை தானே ஓரளவு சீராகலாம் அல்லவா? அப்படியானால் உருண்டையானதற்குக் காரணம் கவசமா, காலமா?

இதைச் சோதித்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 5 முதல் 6 மாத வயதும், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தட்டையும் உள்ள 84 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, நாணயம் சுண்டுவதைப் போலத் தற்செயல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆறு மாதம் கவசம். மறு குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டு வயதில் அளந்தவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்பது தெரியாது. 2014ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கவசம் அணிந்த 39 பேரில் முழுதும் சீரானவர்கள் 10 பேர். அணியாத 40 பேரில் 9 பேர். ஏறக்குறைய வேறுபாடே இல்லை! கவசக் குழுவில் இருந்த பெற்றோர் அனைவரும் தோல் எரிச்சல், வியர்வை, துர்நாற்றம் என்று ஏதாவது ஒரு தொல்லையைச் சொல்லியிருந்தார்கள்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. மிகக் கடுமையான தட்டை உள்ளவர்களும், கழுத்துத் தசை குறுகியவர்களும், குறைமாதக் குழந்தைகளும் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. தகுதியுள்ள குழந்தைகளின் பெற்றோரில் ஐவருக்கு ஒருவரே சம்மதித்திருந்தார்கள். கவசங்கள் சரியாகப் பொருந்தாமல் நழுவின என்றும் குறை கூறப்பட்டது. 2016ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் அமைப்பு வெளியிட்ட நெறிமுறை, எளிய வழிகளுக்குப் பிறகும் நடுத்தரமோ கடுமையோ ஆன தட்டை மாறாவிட்டால் கவசத்தைப் பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித் தற்செயலாகக் குழு பிரிக்காதவை. என் கருத்தில், நடுத்தரத் தட்டையைப் பொறுத்தவரை நெதர்லாந்துச் சோதனைக்கே எடை அதிகம். மிகக் கடுமையான தட்டைக்கு அதே தரத்தில் ஒரு சோதனை தேவை.

தட்டைத் தலையால் மூளை நசுங்கிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. படுக்கையால் வந்த தட்டையில் மூளைக்கு வேண்டிய இடம் குறைவதில்லை. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கிடைத்துவிடுகிறது. இத்தகைய குழந்தைகளில் சிலர் தவழ, நடக்கச் சற்றுத் தாமதிக்கிறார்கள் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அதிகம் அசையாத குழந்தைக்கே தலை தட்டையாகும் என்பதால், காரணம் எது, விளைவு எது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. சுமார் 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒருவருக்குத் தையல்களில் ஒன்று காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிவிடுகிறது. அந்த இடத்தில் ஓடு விரிய முடியாது. தலையின் வடிவம் கோணும், சில சமயம் மூளையைச் சுற்றி அழுத்தமும் கூடும். பின்தலைத் தையல் ஒன்று இப்படி மூடினால் அப்பக்கத்துக் காது பெரும்பாலும் முன்னே போகாமல் பின்னோ கீழோ தள்ளியிருக்கும். ஆகவேதான் தட்டைத் தலை என்று வரும் குழந்தையின் காதுகளை மருத்துவர் மேலிருந்து உற்றுப் பார்க்கிறார். தையல் மூடியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். மூன்று மாதம் ஆகும்போதே சிறு துளை வழியாக மூடிய தையலை நீக்கிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கவசம் அணிவிக்கும் முறையும் இப்போது வழக்கில் இருக்கிறது.