கவுண்டியின் உயர்ந்த குன்று எது?

ஒரு நிலப்பகுதியின் மிக உயர்ந்த இடத்தை அளவீடு ஒன்றே தீர்மானித்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கவுண்டியில் அவ்வாறு இல்லை. அதன் பழைய எல்லைக்குள் 788 மீட்டர் உயரமுள்ள மிக்கில் ஃபெல் குன்றே உயர்ந்தது. 1974-இல் நிர்வாக எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது அக்குன்று டர்ஹாம் கவுண்டியைச் சேர்ந்தது. ஆகவே இன்றைய வடக்கு யார்க்ஷயரில் 736 மீட்டர் உயரமுள்ள வெர்ன்சைடு முதலிடம் பெறுகிறது. டர்ஹாமிலும் இதே நிலைதான்: பழைய எல்லையின்படி பர்ன்ஹோப் சீட், புதிய எல்லையின்படி மிக்கில் ஃபெல். குன்றுகளின் உயரத்தில் எவருக்கும் ஐயமில்லை. எந்த எல்லையை ஏற்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு. எனவே மாணவர்கள் உயரத்துடன் எல்லை வகுக்கப்பட்ட ஆண்டையும் குறித்தல் வேண்டும்.