மலைக் குருவியும் ஊர்க் கட்டுப்பாடும்



இந்த மாதம் ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அங்கே உயர்ந்த மலைகளில் அங்கோபர் செரின் என்ற சின்னக் குருவி வாழ்கிறது. பழுப்பு நிறம், உடம்பில் கோடு கோடாக இருக்கும். எத்தியோப்பியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. 1976-இல்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டது.

செங்குத்தான பாறைச் சரிவும் அதை ஒட்டிய புல்வெளியும்தான் இதன் வீடு. விதைதான் சாப்பாடு. சரிவை உழுதாலும், ஆடு மாடு அளவுக்கு மீறி மேய்ந்தாலும், தைலமரம் நட்டாலும் குருவிக்கு இடம் குறைகிறது. அதற்காக அங்குள்ள மக்களைக் குறை சொல்லலாமா? அடுப்பெரிக்க விறகு வேண்டுமே!

இக்குருவி வாழும் இடங்களில் ஒன்று குவாசா என்ற பொதுப் புல்வெளி. சுமார் 100 சதுர கிலோமீட்டர். கூரை வேய, கயிறு திரிக்க அந்தப் புல்தான். 300 வருஷத்துக்கு மேலாக அங்கே ஊர்க் கட்டுப்பாடு உண்டு. சில வருஷம் யாரும் புல் அறுக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. பிறகு ஊர் கூடித் திறந்துவிடும். 1975-இல் நிலச் சீர்திருத்தம் வந்தபோது அந்த ஏற்பாடு போனது. அறுப்பும் மேய்ச்சலும் கூடியது. பின்னர் மக்களே குழு அமைத்துப் புல்வெளியை மீட்டார்கள்.

நாமே எழுதிய குழு விதியை நாம் மீறுவோமா? அவர்களும் அப்படித்தான். புல் நின்றது, குருவிக்கும் இடம் நின்றது.

கூட்டத்தில் பேசுவோம்: நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்குக்குக் கட்டுப்பாடு உண்டா? யார் வகுக்க வேண்டும்?